காது கேளாத நோயாளி ஓ.பி.க்கு வந்தால்: எங்கள் நடைமுறைத் தாளின் வரைவு, திருத்தித் தாருங்கள்

ஓபி_இன்சார்ஜ்

வணக்கம். தாலுகா மருத்துவமனை ஒன்றுக்கு, சுவரில் ஒட்டுவதற்காக ஒரு பக்கத் தாள் தயாராகிறது. ஓ.பி.க்கும் வார்டுக்கும் அதேதான். வரைவில் இப்போது இருப்பது:

1. காது கேட்காது என்பதை ஓ.பி. சீட்டின் மேலே சிவப்பு மையில் எழுதவும்.
2. சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் பேசவும்.
3. புரியவில்லை என்றால் தமிழில் எழுதிக் காட்டவும்.
4. கூட வந்தவரிடம் முழு விவரத்தையும் சொல்லி அனுப்பவும்.
5. தலையாட்டினால் புரிந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.
6. டோக்கன் கூப்பிடும்போது முன்னுரிமை தரவும்.

குறைகளைச் சொல்லுங்கள். "பரிவோடு நடத்துங்கள்" மாதிரி பொத்தாம்பொதுவாக வேண்டாம். டியூட்டியில் இருப்பவர் படித்த உடனே செய்யக்கூடியதாக இருக்க வேண்டும்.

பார்வைச்செவி

சிஸ்டர், ஐந்தாவதை முதலில் அடித்துவிடுங்கள். காது கேளாதவர்கள் எதற்கெல்லாம் தலையாட்டுவோம் தெரியுமா? "பேசுகிறீர்கள், பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்பதற்கு ஆட்டுவோம். மூன்றாம் தடவை கேட்டால் எதிரில் இருப்பவர் முகம் சுளிப்பாரே என்று ஆட்டுவோம். பின்னால் வரிசை நிற்கிறதே என்றும் ஆட்டுவோம். இதில் எதுவும் சம்மதம் ஆகாது.

"புரிஞ்சுதா?" என்ற கேள்வியே வேண்டாம். ஆமாம், இல்லை என்று பதில் சொல்லித் தப்பிக்க முடியாத கேள்வியாகக் கேளுங்கள். ராத்திரி எத்தனை மாத்திரை? விரலில் காட்டட்டும். மறுபடி எந்தத் தேதி? காலண்டரில் தொடட்டும். பதில் தப்பாக வந்தால் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லிப் பயனில்லை. உதட்டில் பிடிபடாத சொல், பத்து தடவை சொன்னாலும் பிடிபடாது. சொல்லை மாற்றுங்கள், அல்லது வரைந்து காட்டுங்கள்.

இரண்டாவது வரி மொத்தமும் தப்பு. கத்தினால் வாய் கோணும், உதட்டு வடிவம் மாறிவிடும். காது மிஷின் போட்டிருப்பவருக்குக் கத்தல் உறைக்குமே தவிர, தெளிவு கூடாது. "நிறுத்தி நிறுத்தி" என்று எழுதினால் ஆட்கள் எழுத்தெழுத்தாக உடைத்துப் பேசுவார்கள். உதட்டைப் படிப்பவருக்கு அதைவிடத் தொல்லை கிடையாது. இயல்பான குரல், கொஞ்சம் நிதானம், முழு வாக்கியம் போதும். ஒரு மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டர் தூரத்தில், வெளிச்சம் டாக்டர் முகத்தில் விழுகிற மாதிரி. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தால் எங்களுக்குத் தெரிவது கருப்பு உருவம்தான். நாற்காலியைத் திருப்பிப் போட ஒரு பைசா செலவில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்தபடி பேசுவதும், குனிந்து சீட்டு எழுதியபடி பேசுவதும் எங்களைப் பொறுத்தவரை பேசாமல் இருப்பதற்குச் சமம்.

ஆடியோ_கடலூர்

மேலே சொன்னதை ஒட்டி ஒன்று. உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்வார்கள் என்ற நம்பிக்கை மருத்துவர்களிடம் அளவுக்கு மீறி இருக்கிறது. பகரமும் மகரமும் உதட்டில் ஒன்றேதான்; படி, மடி இரண்டையும் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பாருங்கள். க, ட, ண, ள எல்லாம் வாய்க்குள்ளேயே நடந்து முடிகிற ஒலிகள். "கண்ணுல ரெண்டு சொட்டு", "காதுல ரெண்டு சொட்டு" இரண்டும் எதிரில் இருப்பவருக்கு ஏறக்குறைய ஒரே வாயசைவு. சொட்டு மருந்தைக் கையில் கொடுக்கும்போது எந்த உறுப்போ அதைத் தொட்டுக் காட்டிக் கொடுப்பதைப் பழக்கமாக்குங்கள்.

மாஸ்க் விஷயம் வரைவில் இல்லவே இல்லை. சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க் உயர் அலைவரிசை ஒலிகளை 3–4 டெசிபல் குறைக்கிறது, என்95 சுமார் 12 டெசிபல் வரை. பேச்சில் தெளிவு தரும் ஒலிகள் அந்த அலைவரிசையில்தான் இருக்கின்றன. உதடு தெரிகிற பிளாஸ்டிக் ஜன்னல் மாஸ்க், முகத்தைக் காட்டினாலும் ஒலியை இன்னும் மழுக்கிவிடும். ஆகவே ஆளைப் பொறுத்துத்தான் தேர்வு. உதடு படிப்பவருக்கும் சைகை மொழிக்காரருக்கும் ஜன்னல் மாஸ்க். சைகை மொழியில் முகபாவம் இலக்கணத்தின் பகுதி, அதை மூடினால் கேள்வியா கூற்றா என்பதே தெரியாது. காது மிஷினை நம்பியிருக்கும் பெரியவருக்கு சர்ஜிக்கல் மாஸ்க்கோடு பக்கத்தில் போய்ப் பேசுவது மேல். காசநோய் வார்டில் மாஸ்க்கைக் கழற்ற முடியாது. அங்கே அடுத்த அறையில் இருந்துகொண்டு, மாஸ்க் இல்லாமல் வீடியோ காலில் பேசலாம்.

கிராமத்து_டாக்டர்

எல்லாம் சரிதான். ஓ.பி.யில் நூறு, நூற்றைம்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது ஒருவருக்கு இரண்டு நிமிஷம்தான் கிடைக்கும். படம் வரைவதும் மொழிபெயர்ப்பாளரைத் தேடுவதும் நடக்கிற காரியமா? எழுதிக் காட்டினால் போதாதா? பெரும்பாலானவர்கள் பள்ளிக்கூடம் போனவர்கள்தானே?

சைகைப்பாலம்

டாக்டர், நேரக் கணக்கு நியாயம்தான். அதனால்தான் முதல் ஐந்து விநாடியில் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளச் சொல்கிறேன்: இவருக்கு எந்த வழி? ஒரு அட்டையில் நான்கு படம் போதும். சைகை செய்யும் கைகள், பேனா, உதடு, காது மிஷின். மேஜையில் நீட்டுங்கள், அவர் ஒன்றைத் தொடுவார். அதை ஓ.பி. சீட்டில் எழுதுங்கள். "காது கேட்காது" என்று மட்டும் சிவப்பு மையில் எழுதி யாருக்கும் பயனில்லை. "சைகை மொழி, சிறு வாக்கியம் படிப்பார்" என்று இருந்தால் அடுத்த அறையில் இருப்பவருக்கும் வேலை மிச்சம்.

எழுதிக் காட்டுவது பற்றி. நாற்பது வயதுக்கு மேல் காது போனவர் நாளிதழே படிப்பார், சைகை ஒன்றும் தெரியாது. அவருக்கு எழுத்துதான் சரி. பிறவியிலேயே கேளாதவர் பலருக்கு இந்திய சைகை மொழி முதல் மொழி. தமிழ் என்பது காதால் ஒரு தடவைகூடக் கேட்காமல் கண்ணால் மட்டும் கற்ற இரண்டாம் மொழி. படிப்பில் கெட்டிக்காரரும் உண்டு, வேற்றுமை உருபிலும் எதிர்மறை விகுதியிலும் தடுக்கி விழுபவரும் உண்டு. "சாப்பிட்டுவிட்டு வராதீர்கள்" என்று எழுதினால் "சாப்பிட்டு", "வர" இரண்டு மட்டும் பிடிபடும். மறுநாள் இட்லி சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுக்க வந்து நிற்பார். இப்படி எழுதுங்கள்:

நாளை காலை 7 மணி. ரத்தம் எடுப்போம்.
இன்று இரவு 9 மணிக்குப் பின் சாப்பாடு ✗ டீ ✗ தண்ணீர் ✓

ஒரு வரிக்கு ஒரு செய்தி. எண்ணை இலக்கத்தில் எழுதுங்கள். இரட்டை எதிர்மறை வேண்டவே வேண்டாம்.

மொழிபெயர்ப்பாளர் எல்லாவற்றுக்கும் வேண்டியதில்லை. கட்டு மாற்ற, தடுப்பூசி போட, சர்க்கரை பார்க்க சைகையும் தாளும் போதும். ஆபரேஷன் சம்மதம், புதிதாகக் கண்டுபிடித்த நோய், மனநலம், கருத்தடை, டிஸ்சார்ஜ் விளக்கம், கெட்ட செய்தி: இந்த ஆறுக்குக் கட்டாயம் வேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டு, மொழிபெயர்ப்பாளர் எண்களை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். நேரில் வர முடியாதபோது வீடியோ காலில் வருவார். போனைக் கையில் பிடிக்கக் கூடாது, ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும்; இடுப்பிலிருந்து தலை வரை கேமராவில் தெரிய வேண்டும், சைகை அந்த வெளியில்தான் நடக்கிறது. வார்டில் நெட் எங்கே நன்றாகக் கிடைக்கும் என்பதை இன்றே சோதித்து வையுங்கள், அவசரத்தில் அல்ல.

நேரில் வந்தால் மொழிபெயர்ப்பாளர் டாக்டருக்குப் பக்கத்தில் அரை அடி பின்னால் நிற்பார். நோயாளியின் கண் இருவரையும் ஒரே பார்வையில் பிடிக்கும். டாக்டர் நோயாளியைப் பார்த்து "உங்களுக்கு எப்போதிலிருந்து வலி?" என்றே கேட்க வேண்டும். மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து "இவருக்கு எப்போதிலிருந்து என்று கேளுங்க" என்று சொல்லக் கூடாது. திரைக்குப் பின்னால் பரிசோதனை என்றால் மொழிபெயர்ப்பாளர் நோயாளியின் தலைமாட்டில் நிற்கட்டும்.

பார்வைச்செவி

நான்காவது வரிக்கு வருகிறேன், இதில்தான் சட்டச் சிக்கலும் இருக்கிறது. கூட வந்தவர் மொழிபெயர்ப்பாளர் அல்ல. டாக்டர் ஐந்து நிமிஷம் விளக்கியதை, வீட்டுக்காரர்கள் "ஒண்ணுமில்ல, மாத்திரை குடுத்திருக்காங்க" என்று இரண்டு சைகையில் முடித்துவிடுவார்கள். கெட்ட எண்ணம் இல்லை, அவர்களுக்குச் சைகை அவ்வளவுதான் தெரியும். எட்டு வயதுப் பிள்ளையை வைத்து அம்மாவின் கர்ப்பப்பைக் கட்டியைப் பற்றிச் சொல்ல வைப்பதும் நடக்கிறது. அடிக்கிற கணவனே மனைவிக்கு மொழிபெயர்ப்பாளனாக உட்கார்ந்தால் காயத்தின் காரணம் எப்படி வெளியே வரும்? எச்.ஐ.வி. பரிசோதனையில் 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி ரகசியமும், விவரம் அறிந்த சம்மதமும் கட்டாயம். அண்ணனிடம் சொல்லி அனுப்பினால் இரண்டும் போச்சு.

முன்னுரிமை தருவது கருணை அல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 25, கவனிப்பிலும் சிகிச்சையிலும் முன்னுரிமை என்றே சொல்கிறது. அரசு, தனியார் இரண்டு மருத்துவமனைகளிலும் தடையில்லா அணுகல் என்பதும் அதே பிரிவில் உள்ளது. அதே சட்டத்தில் பேச்சு அலைவரிசையில் இரு காதிலும் 70 டெசிபல் இழப்பு இருந்தால் கேளாதவர், 60 முதல் 70 வரை குறைவாகக் கேட்பவர். அடையாள அட்டை இல்லாத தாத்தா பாட்டிகள் இந்தக் கணக்குக்குள் வராமல் போவார்கள், அவர்களுக்கும் தாள் வேலை செய்ய வேண்டும்.

கிராமத்து_டாக்டர்

"வழி கேட்கும் அட்டை" நல்ல யோசனை, எடுத்துக்கொள்கிறேன். பேசுவதை எழுத்தாக்கும் செயலிகள் இருக்கின்றனவே, அதை வைத்துச் சமாளிக்க முடியாதா?

ஆடியோ_கடலூர்

கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் தமிழையும் எழுதும். தமிழ் படிக்கிறவருக்கு நல்ல உதவி. ஆனால் மருந்துப் பெயர் வந்தால் குதறிவிடும். "வேண்டாம்", "கூடாது" வாக்கியக் கடைசியில் விழுங்கப்பட்டால் அர்த்தமே தலைகீழ். பேசியவர் திரையைப் பார்த்துச் சரிபார்த்த பின்பே நோயாளியிடம் காட்ட வேண்டும். மருந்து, அளவு, தேதி மூன்றையும் கையால் எழுதித் தாருங்கள். ஓ.பி. சத்தத்தில் போனை மேஜையில் வைத்தால் பக்கத்து வரிசைப் பேச்சும் சேர்ந்து வரும், வாய்க்குப் பக்கத்தில் பிடியுங்கள்.

எக்ஸ்ரே_ரூம்

நம்ம டிபார்ட்மெண்ட்டை யாரும் தொடலையே. எக்ஸ்ரேல நாம சொல்றதே ரெண்டு வார்த்தைதான்: மூச்சை இழுங்க, பிடிங்க. அதுவும் கண்ணாடிக்குப் பின்னால இருந்து. செஸ்ட் பி.ஏ. வியூல, அதாவது முதுகுப் பக்கமிருந்து நெஞ்சைப் படம் எடுக்கும்போது, ஆளு படம் பதியிற கேசட்டைப் பார்த்து நிப்பாரு, நம்ம முகமே தெரியாது. அதனால படம் எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு ஒத்திகை. எதிர்ல நின்னு நாமே மூச்சை இழுத்து, நெஞ்சைத் தூக்கி, கையை மேல நிறுத்திக் காட்டணும். விடும்போது கையை இறக்கணும். அப்புறம் லைட் சிக்னல் பேசி வச்சுக்கணும்: அறை விளக்கு ஒரு தடவை அணைஞ்சு எரிஞ்சா இழுத்துப் பிடி, ரெண்டாவது தடவை விடு. சுவிட்ச் கன்சோல் பக்கம் இல்லேன்னா, உள்ளே இருக்கிற ஆளோட தோள்பட்டை ஏறுறதைக் கண்ணாடி வழியா பார்த்து எக்ஸ்போஷர் குடுக்கலாம். சி.டி.ல சில மிஷின்ல ஆளு உள்ளே போற வளையம் (கேன்ட்ரி) மேலேயே மூச்சுப் பிடிக்கிற விளக்குப் படம் இருக்கும். இருக்குன்னே தெரியாம ஓட்டிக்கிட்டிருக்கோம். அதைக் காட்டிக் குடுத்தாலே போதும்.

எம்.ஆர்.ஐ. தனி சமாச்சாரம். காது மிஷினை வெளியவே கழற்றணும். அதனால எல்லா விளக்கமும் கழற்றுறதுக்கு முன்னாடி முடியணும். கழற்றின பிறகு பேச ஆரம்பிச்சா வீண். உள்ளே போனா மைக்ல பேசறது ஒண்ணும் போகாது. தலையில மாட்டுற ஹெட் காயில்ல கண்ணாடி இருந்தா நம்ம ஜன்னல் தெரியற மாதிரி திருப்பி வைங்க, கட்டை விரலைக் காட்டினா அவரும் காட்டுவாரு. கையில அழுத்துற பலூன், அதை ஒரு தடவை அழுத்த வச்சு நாம ஓடி வர்றதையும் காட்டிடணும். எத்தனை நிமிஷம்னு எழுதிக் காட்டுங்க. அடுத்தது, காது கேக்காதவருக்கு காதடைப்பு எதுக்குன்னு சில பேர் விட்டுடறாங்க. மிச்சம் மீதி இருக்கிற கேள்திறனையும் அந்தச் சத்தம் கெடுக்கும். கட்டாயம் போடணும்.

காக்ளியர் இம்ப்ளாண்ட் (ஆபரேஷன் பண்ணி உள்காதுல வைக்கிற கேட்கும் கருவி) இருந்தா வெளிக் கருவியைக் கழற்றினா மட்டும் போதாது. உள்ளே காந்தம் இருக்கு. சில மாடலுக்கு எம்.ஆர்.ஐ. காந்தத்தோட பலம் 1.5 டெஸ்லா மட்டும், சிலதுக்கு 3 வரை, பழசுக்குத் தலையில இறுக்கிக் கட்டுப் போடணும் இல்லே காந்தத்தையே எடுக்கணும். நோயாளி கையில இம்ப்ளாண்ட் கார்டு இருக்கும், அதுல மாடல் பேர் பாருங்க. கார்டு இல்லேன்னா அன்னிக்கு ஸ்கேன் இல்லே.

மயக்கவியல்

காது கேளாத சைகை மொழிக்காரருக்குக் கைதான் வாய். இதை ஆபரேஷன் தியேட்டர் மறந்துவிடுகிறது. நரம்பில் மருந்து ஏற்றும் ஐ.வி. கேனுலாவை எந்தக் கையில் போட வேண்டும் என்று அவரையே கேளுங்கள். அதிகம் புழங்காத கையில், மணிக்கட்டையும் புறங்கையையும் விட்டுவிட்டு முன்கையில் போடுங்கள்; மணிக்கட்டு மடங்காமல் பலகை வைத்துக் கட்டினால் பாதிப் பேச்சு போய்விடும். பல்ஸ் ஆக்சிமீட்டரைக் கால்விரலுக்கு மாற்றலாம், பி.பி. கஃப்பை மற்ற கையில். சிசேரியனில் இரண்டு கையையும் இறுக்கிக் கட்டும் வழக்கம் சில இடங்களில் உண்டு. விழித்திருக்கும் ஒருவரின் வாயில் துணி அடைப்பதும் அதுவும் ஒன்றுதான். ஒரு கையாவது விடுதலையாக இருக்கட்டும், திரைக்கு இந்தப் பக்கம் ஓர் ஆள் அவர் முகத்துக்கு நேராக உட்காரட்டும்.

ஸ்பைனல் (முதுகில் போடும் மரப்பு ஊசி) போடும்போது மயக்க மருத்துவர் முதுகுப் பக்கம் இருக்கிறார். "அசையாதீங்க" என்று அங்கிருந்து சொல்லி என்ன பயன்? முன்னால் நிற்கும் நர்ஸ்தான் தொடர்பு. முன்கூட்டியே தொடுகைக் குறி பேசிக்கொள்ளுங்கள்: தோளில் ஒரு தட்டு, அசையாதே, இரண்டு தட்டு, முடிந்தது. ஊசி தொடுவதற்கு முன் விரலால் அந்த இடத்தைத் தொட்டுவிட்டால் துள்ள மாட்டார்.

காது மிஷினையும் கண்ணாடியையும் மயக்கம் கொடுக்கும் நிமிஷம் வரை விட்டுவையுங்கள். தியேட்டர் வாசலில் பிடுங்கிவிட்டுச் சம்மதம் சரிபார்ப்பது பெரிய கூத்து. கழற்றியது பெயர் எழுதிய டப்பாவில் நோயாளியோடு ரெக்கவரிக்குப் போக வேண்டும், வார்டு அலமாரிக்கு அல்ல. கண் விழித்தவுடன் முதலில் கண்ணாடி, அடுத்து காது மிஷின், பிறகுதான் கேள்வி. கீட்டமின் என்ற மயக்க மருந்து கொடுத்திருந்தால் எழும்போது பார்வை தடுமாறும், அந்த நேரத்தில் சைகையும் எட்டாது. கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் பொறுங்கள். மூச்சு டியூப் எடுக்கும் முன் "கண்ணைத் திறங்க" என்ற கட்டளைக்குப் பதிலாக, அவர் விரலை உங்கள் விரலால் இரண்டு முறை அழுத்துங்கள், திருப்பி அழுத்தச் சொல்லி முன்பே பழக்கியிருந்தால் அழுத்துவார். ஒரு வேடிக்கை: வென்டிலேட்டரில் இருக்கும், காது கேட்கிறவர் பேச முடியாமல் தவிப்பார். சைகை தெரிந்தவர் கை கட்டப்படாவிட்டால் தாராளமாகப் பேசுவார்.

இம்ப்ளாண்ட் உள்ளவருக்குத் தலை, கழுத்துப் பகுதியில் மோனோபோலார் காட்டரி (மின்சாரத்தால் சுட்டு ரத்தத்தை நிறுத்தும் கருவியில் ஒரு வகை) கூடாது. பைபோலார் வைத்துக்கொள்ளுங்கள். பிசியோதெரபியில் மின்னலைச் சூடு கொடுக்கும் ஷார்ட்வேவ் டயதெர்மிக்கும் அதே எச்சரிக்கை.

கேஷுவல்ட்டி_சிஸ்டர்

எமர்ஜென்சியில் நடக்கிற மூன்று தவறுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நினைவு நிலையை அளக்கும் கிளாஸ்கோ கோமா ஸ்கேலில் பேச்சுக்கு மிகக் குறைந்த 1 மார்க் போட்டுவிடுகிறார்கள், ஆள் சைகையில் தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே. மொழிபெயர்ப்பாளர் இருந்தால் சைகையை வைத்து மதிப்பிடுங்கள், இல்லை என்றால் "சோதிக்க இயலவில்லை" என்று எழுதுங்கள். 1 என்று எழுதினால் தேவையில்லாமல் டியூப் போடுவது வரை போகும்.

பக்கவாதம் வந்தால் பேச்சுக் குழறலைப் பார்க்கிறோம். சைகை மொழியும் மூளையின் இடப் பகுதியைத்தான் நம்பியிருக்கிறது, ஆகவே அங்கே அடி விழுந்தால் சைகை குழறும், தப்புச் சைகை வரும், தேடித் தேடிச் செய்வார். அதை நாம் கண்டுபிடிக்க முடியாது, வீட்டில் தினமும் அவரோடு சைகையில் பேசுபவர்தான் சொல்வார். "இன்று இவர் சைகை வழக்கம்போல் இருக்கிறதா?" என்று கேட்க வேண்டும், கூட வந்தவர் இங்கேதான் உண்மையில் உதவுவார்.

பிறவியிலேயே காது கேளாத குழந்தை மயங்கி விழுந்தது என்று வந்தால், வலிப்பு மாத்திரை எழுதுவதற்கு முன் ஒரு இ.சி.ஜி. எடுத்து, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மின்னளவில் மீண்டுவர எடுக்கும் நேரமான க்யூ.டி. இடைவெளியைப் பாருங்கள். ஜெர்வெல் லாங்கே-நீல்சன் நோய்க்குறியில் பிறவிச் செவிடும் நீண்ட க்யூ.டி.யும் சேர்ந்தே வரும். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வர வேண்டும். மாமன் மகள், அத்தை மகன் கல்யாணம் சகஜமான ஊர் நம்முடையது, ஆகவே மனதில் இருக்கட்டும். அப்படிப்பட்ட குழந்தைக்கு வாந்திக்கு ஓன்டான்செட்ரான், சளிக்கு அசித்ரோமைசின் என்று யோசிக்காமல் எழுதினால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம்.

ஆடியோ_கடலூர்

சிஸ்டர் சொன்னதோடு: உறவுத் திருமணக் குடும்பங்களில் அஷர் நோய்க்குறியும் பாருங்கள். காது கேளாமையோடு மாலைக்கண், பிறகு பார்வை வட்டம் குறுகிவரும். இப்படிப்பட்டவரிடம் கையை அகல வீசிச் சைகை செய்தால் பாதி தெரியாது, மார்புக்கு முன் சிறிதாகச் செய்ய வேண்டும். விளக்கைக் குறைத்த ஸ்கேன் அறையில் அவருக்கு ஒன்றுமே தெரியாது.

கண் டிபார்ட்மெண்ட்டுக்கும் ஒரு வரி. கண்பாப்பாவை விரிக்கும் சொட்டு போட்டால் சில மணி நேரம் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும். எழுத்தும் படிக்க முடியாது. விளக்கத்தையும் அடுத்த தேதியையும் சொட்டுக்கு முன் முடித்துவிடுங்கள்.

காதைக் கெடுக்கக்கூடிய மருந்து: ஜென்டாமைசின், அமிகாசின், ஸ்ட்ரெப்டோமைசின், சிஸ்பிளாட்டின், நரம்பில் வேகமாக ஏற்றும் ஃப்ரூசமைட். "ஏற்கெனவே கேட்காதவர்தானே" என்று இவற்றை அலட்சியமாகக் கொடுப்பது தவறு. மிச்சம் இருக்கும் 10, 20 டெசிபல்தான் பஸ் ஹாரனைக் கேட்க வைக்கிறது. தாய்வழி உறவில் ஊசி போட்ட பின் காது போனவர் உண்டா என்று கேளுங்கள். தாய்வழியே வரும் ஒரு மைட்டோகாண்ட்ரியா மரபணு மாற்றம் இருந்தால் ஜென்டாமைசின் வகை ஊசியின் சாதாரண அளவே போதும், முழுக் காதும் போக.

இம்ப்ளாண்ட் போட்ட குழந்தைக்குக் காய்ச்சலோடு தலைவலி, வாந்தி என்றால் மூளைக்காய்ச்சலை முதலில் சந்தேகியுங்கள். நிமோகாக்கல் தடுப்பூசி போட்டாயிற்றா என்று அட்டையைப் பாருங்கள். முதலமைச்சர் காப்பீட்டில் இம்ப்ளாண்ட் போட்ட குழந்தைகள் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், ஆகவே இது பெரிய ஆஸ்பத்திரி விஷயம் மட்டும் அல்ல.

லேபர்_வார்டு

சுருக்கமாக. "முக்கு", "நிறுத்து" இரண்டுக்கும் கைக்குறி முன்பே பழக்குங்கள், ஏழாம் மாதச் செக்கப்பிலேயே. கால்மாட்டில் நிற்பவர் முகம் தாய்க்குத் தெரிய வேண்டும், தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்துங்கள். குழந்தையின் இதயத் துடிப்புச் சத்தத்தை எல்லோரும் கேட்பார்கள், அவருக்கு மானிட்டரைத் திருப்பிக் காட்டுங்கள். குழந்தை அழுததா என்பதுதான் அவர் முதலில் கேட்கும் கேள்வி. தூக்கி நெஞ்சில் போடுங்கள், அந்த அதிர்வில் தெரியும்.

மருந்துக்கடை_மேஜை

1-0-1 (காலை 1, மதியம் இல்லை, இரவு 1) முறை நன்றாக வேலை செய்யும், ஒரே ஒரு தடவை சொல்லிக் கொடுத்தால். சூரியன் உதயம், உச்சி, நிலா மூன்று படத்தின் கீழ் மாத்திரை அட்டைத் துண்டை வெட்டி ஒட்டுங்கள். நிறைந்த தட்டு, காலித் தட்டு: சாப்பாட்டுக்குப் பின், முன். "தேவைப்பட்டால்" என்பதுதான் சிக்கல். பாராசிட்டமால் 650 என்றால், வலி முகம் ஒன்று வரைந்து, கடிகாரத்தில் 6 மணி நேர இடைவெளி காட்டி, "ஒரு நாள் = 4, அதற்கு மேல் ✗" என்று எழுதுங்கள். சிரப் மூடியில் 5 மில்லி கோட்டை மார்க்கரால் கருப்பாக்கிக் கொடுங்கள். நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரை, பெண்ணுறுப்பில் வைக்கும் மாத்திரை இரண்டும் தவறாக விழுங்கப்படுகிற பண்டங்கள். படம் காட்டாமல் கொடுக்காதீர்கள்.

ஆனால் எங்கே காட்டுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். கேட்பவரிடம் குரலைத் தாழ்த்தலாம், சைகைக்குத் தாழ்ந்த குரல் கிடையாது. கவுண்டரில் நின்று பெண்ணுறுப்பு மாத்திரையைக் கையால் விளக்கினால் வரிசை முழுக்க வேடிக்கை பார்க்கும். உள்ளே கூப்பிட்டு விளக்குங்கள்.

ஓபி_இன்சார்ஜ்

ஒரே பக்கத்தில் அடங்காது என்று தெரிந்துவிட்டது. ஓ.பி.க்கு ஒன்று, வார்டுக்கு ஒன்று, தியேட்டருக்கும் ஸ்கேனுக்கும் தனித்தனி என்று பிரிக்கிறேன். மீதமுள்ள சந்தேகங்கள் மூன்று. டிஸ்பிளே போர்டு இல்லாத இடத்தில் டோக்கன் எப்படி? ராத்திரி ரவுண்டில் எப்படி எழுப்புவது? காது மிஷின் பேட்டரி தீர்ந்து போனால் மருத்துவமனை எதை வைத்திருக்க வேண்டும்?

பார்வைச்செவி

டோக்கன்: கதவு கண்ணில் படும் நாற்காலியைக் கொடுத்து, எத்தனையாவது ஆள் என்று விரலில் காட்டுங்கள். முறை வந்ததும் ஆள் நேரில் வந்து கையசைக்கட்டும். தெரியாமல் பின்னாலிருந்து தோளைத் தட்டினால் தூக்கிவாரிப் போடும். பரிசோதனை முடிவுக்குப் போன் செய்யாதீர்கள். சீட்டில் "வாட்ஸ்அப் மட்டும்" என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ராத்திரி: டார்ச்சை நோயாளி முகத்தில் அடிக்க வேண்டாம், கண் கூசினால் எதுவும் தெரியாது. கட்டிலின் கால்மாட்டை லேசாக அசைத்துவிட்டு, டார்ச்சை உங்கள் முகத்திலும் கையிலும் காட்டிக்கொள்ளுங்கள். கட்டில் மணியை அழுத்தினால் இன்டர்காமில் "என்ன வேணும்" என்று கேட்கும் வார்டுகளில் எங்களுக்குப் பதிலே வராது. அந்தப் படுக்கைக்கு மணி அடித்தால் ஆள் நடந்து போக வேண்டும் என்று ஸ்டேஷனில் எழுதி ஒட்டுங்கள்.

ஆடியோ_கடலூர்

பேட்டரி நிறத்தைப் பார்த்து வாங்குங்கள். ஸ்டிக்கர் ஆரஞ்சு என்றால் 13, நீலம் என்றால் 675, பழுப்பு 312, மஞ்சள் 10. காதுக்குப் பின்னால் மாட்டும் மிஷின்களுக்கு 13-ம் 675-ம் தான் பெரும்பாலும், இரண்டு அட்டை வைத்திருந்தால் போதும். ஸ்டிக்கரை உரித்த உடனே உள்ளே தள்ளாதீர்கள், காற்று புக ஒரு நிமிஷம் விட வேண்டும். வேலை செய்கிறதா என்று பார்க்க மிஷினை ஆன் செய்து உள்ளங்கைக்குள் மூடுங்கள், விசில் அடித்தால் உயிரோடு இருக்கிறது. விசில் வந்தும் அவருக்குக் கேட்கவில்லை என்றால் காதுக்குள் பொருத்தும் மோல்டின் துளையிலும் காதிலும் அழுக்கு அடைத்திருக்கிறதா பாருங்கள். கழற்றியதை டிஷ்யூவில் சுற்றித் தலையணைக்கடியில் வைக்க விடாதீர்கள், காலையில் படுக்கை விரிப்போடு சலவைக்குப் போய்விடும்.

ஓபி_இன்சார்ஜ்

சரி, ஸ்டோருக்கு இன்டென்ட் போடுகிறேன்: 13, 675 தலா இரண்டு அட்டை, மூடியோடு சிறு டப்பா ஒரு டஜன், போன் ஸ்டாண்டு ஒன்று. நான்கு படம் உள்ள அட்டையை யாராவது வரைந்து வைத்திருந்தால் இங்கேயே போடுங்கள், லேமினேட் செய்து எல்லா மேஜைக்கும் ஒன்று வைத்துவிடலாம்.

சைகைப்பாலம்

வரைந்து போடுகிறேன் சிஸ்டர். அட்டையின் பின்பக்கம் காலியாக விடாதீர்கள், மனித உடம்பு முன்னும் பின்னுமாக, கீழே 0 முதல் 10 வரை வலி முகங்கள். சைகை பழக விரும்புகிற ஊழியர்களுக்கு டெல்லியில் 2015-இல் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையத்தின் அகராதி வீடியோக்கள் இலவசம். 2021 பதிப்பில் 10,000 சொற்கள், மருத்துவச் சொற்களுக்கு என்று தனிப் பகுதி உண்டு. முதலில் வலி, காய்ச்சல், வாந்தி, ரத்தம், மாத்திரை, ஊசி, எத்தனை நாள், கர்ப்பம், அலர்ஜி, காத்திரு இந்தப் பத்தைப் பழகினால் ஓ.பி.க்குப் போதும். நம் ஊர்ப் பெரியவர்கள் சிலர் அகராதியில் இல்லாத வட்டாரச் சைகை செய்வார்கள். அவர் செய்வதைப் பார்த்து அதையே திருப்பிச் செய்யுங்கள்.